ஓய்வில் இருந்த மின்தூக்கி

எரிந்துபோன டயோடு ஒன்றை மாற்ற ஏழு நிமிடம் ஆகும். சாலிடரிங் அயர்ன் சூடாவதற்கான நாலு நிமிடத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இருபத்தாறு வருடமாக டிவியும் மிக்ஸியும் இன்வெர்ட்டரும் பழுதுபார்த்துச் சாப்பிடுகிறவன் நான். இந்தக் கணக்கில் என்னோடு யாரும் சண்டைக்கு வர முடியாது. எங்கள் பொது மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவு அதே வேலைக்கு எழுபத்தெட்டு நாள் எடுத்துக்கொண்டது. அந்த எழுபத்தெட்டு நாளில் அவர்கள் ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம்.

என் மனைவி தையல்காரி. ஒருநாள் காலையில் பள்ளிச் சீருடைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தவள், கையிலிருந்து நழுவிய கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தாள். எழவில்லை. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கால் ஓரளவுக்குத் தானா வந்துடும். கைதான் கஷ்டம். முதல் மூணு மாசம் விடாம பயிற்சி கொடுத்தா வரும். அதுக்கப்புறம் நான் எந்த வாக்கும் தர மாட்டேன். வாரம் மூணு நாள் பிசியோதெரபிக்குக் கூட்டிட்டு வந்துடுங்க."

பிசியோதெரபி நாலாம் மாடியில் இருந்தது. நடக்க முடியாதவர்களுக்கான இடத்தை நாலாம் மாடியில் வைக்கலாம் என்று யோசனை சொன்ன புண்ணியவான் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. காற்றோட்டம் என்றார்கள். லிஃப்ட் இருக்கிறதே என்று நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் ஒழுங்காகப் போனோம். அடுத்த திங்கட்கிழமை போனபோது லிஃப்ட் கதவை மறைத்து ஒரு பலகை நின்றது: 'மின்தூக்கி ஓய்வில் உள்ளது.'

"பாவம், அதுவும் எத்தனை நாளைக்குத்தான் ஏறி எறங்கும்" என்றாள் என் மனைவி. நாக்கு கொஞ்சம் குழறினாலும் கிண்டல் குழறவில்லை.

லிஃப்ட்டை ஒட்டி ஒரு சின்ன அறையில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. லிஃப்ட்காரர் அங்கே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் ஓடாத நாளிலும் அவர் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்பது உத்தரவு. பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, கரிந்த வாடை மூக்கில் அடித்தது. பச்சைப் போர்டில் பழுப்பாகத் தீய்ந்த ஒரு வட்டம், அதன் நடுவில் வயிறு வெடித்த ஒரு டயோடு. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, கறுப்பு உடம்பு, ஒரு முனையில் வெள்ளிக் கோடு. லிஃப்ட்டின் பிரேக்கை விடுவிக்கிற ரிலே சுவிட்ச்சோடு சேர்ந்து இருப்பது அது. அது போனதும் ஃப்யூஸ் போயிருக்கிறது, ஃப்யூஸ் போனதும் பிரேக் பிடித்தது பிடித்தபடி நின்றுவிட்டது. பையில் இருந்த மீட்டரை வைத்துப் பார்த்தேன். நல்ல டயோடு மின்சாரத்தை ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. இதுவோ எந்தப் பக்கம் வைத்தாலும் கீச்சென்று கத்தியது. செத்துவிட்டது, சந்தேகமே இல்லை.

"என் கடையில இது டப்பா டப்பாவா கெடக்குண்ணே. எடுத்துட்டு வந்து மாத்திடட்டுமா?"

லிஃப்ட்காரர் பெட்டியைச் சாத்தினார். "மாத்தலாம் தம்பி. ஆனா இது பழுதுன்னு பிரிவு சொல்லணும். அதுவரைக்கும் ஓய்வுதான். அஞ்சாம் மாடிக்குப் போய்ப் பாருங்க."

அன்றைக்கு இரண்டு வார்டு பணியாளர்கள் என் மனைவியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு படியேறினார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சரிந்தது. வலது கையால் கைப்பிடியைப் பிடிக்கப் பார்த்தாள். கை அசையவில்லை. சுவரில் தோள் மோதி, எப்படியோ விழாமல் தப்பினாள். பாதியில் இறக்கச் சொல்லிவிட்டாள்.

"என்னை இன்னொரு தடவை மூட்டை மாதிரி தூக்கினீங்கன்னா நான் வரவே மாட்டேன்" என்றாள். சொன்னால் சொன்னதுதான், அவளை எனக்குத் தெரியும்.

பராமரிப்புப் பிரிவு ஐந்தாம் மாடியில் இருந்தது. பதினான்கு பேர் வேலை செய்யும் அலுவலகம். லிஃப்ட் ஓய்வில் இருந்ததால் எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். பதினோரு மணிக்கு மேல்தான் பேசும் நிலைக்கு வருவார்கள் என்று வாசலில் இருந்தவர் சொன்னார். சுவரில் ஒரு கேடயம்: 'தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் பழுதில்லாப் பிரிவு.' அதன் கீழே கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்த ஒரு சாலிடரிங் அயர்ன். ஆண்டுக்கு இரண்டு முறை அதைத் தணிக்கை செய்து 'நல்ல நிலையில் உள்ளது' என்று சான்று கொடுப்பார்களாம். வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடச் சூடாக்கியது இல்லை. சூடாக்கினால் முனை தேயும், தேய்ந்தால் சான்று போய்விடும்.

பிரிவு அலுவலர் மரியாதை தெரிந்த மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

"முதல்ல நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும்" என்று ஆரம்பித்தார். "ஒன்பது வருஷமா இங்க ஒரு பழுதுகூட கிடையாது. எப்படி சாதிச்சோம்? பழுதுன்னு வர்ற எதையும் நாங்க லேசுல ஏத்துக்கறது இல்ல. ஒருத்தர் ஃபேன் ஓடலைம்பார். இன்னொருத்தர் குழாய்ல தண்ணி வரலைம்பார். எல்லாத்தையும் நம்பிட்டே போனா என்ன ஆகும்? பழுது பெருகிடும்."

"ஐயா, லிஃப்ட் ஓடல."

"ஓடலைன்னு ஏன் சொல்றீங்க? ஓய்வுல இருக்கு. ஓய்வுல போன எக்ஸ்ரே மெஷின் ஒண்ணு ஏழு மாசம் அப்படியே இருந்துச்சு. நாங்க பதறினோமா?"

"அப்புறம் ஓடிச்சுங்களா?"

"அப்புறம் அதை இருப்புப் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டோம். கடைசி வரைக்கும் பழுது ஆகல பாருங்க."

நான் டயோடைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிக் கோடு, மீட்டர், கரிந்த வட்டம், எல்லாம் சொன்னேன். அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு எழுத்தரைக் கைகாட்டினார். எழுத்தர் ஒரு படிவத்தை எடுத்தார்.

"பாதிக்கப்பட்டவங்க நேர்ல வந்து கொடுக்கணும்."

"அவங்களால நடக்க முடியாது. லிஃப்ட்டும் ஓடல. லிஃப்ட் ஓடலைன்னு சொல்ல அஞ்சு மாடி எப்படி ஏறி வருவாங்க?"

"அதையெல்லாம் யோசிக்காமயா இருப்போம்?" என்றார் எழுத்தர், குறை சொல்லிவிட்டேனே என்ற வருத்தத்தோடு. "அதுக்குத்தான் அதிகாரக் கடிதம்னு ஒண்ணு வச்சிருக்கோம். அவங்க கையெழுத்து வாங்கிட்டு வாங்க, போதும்."

நூற்றுப் பத்து படி இறங்கினேன். மனைவி இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு, கால்மணி நேரம் போராடிக் கையெழுத்துப் போட்டாள். கோழி கிளறிய மாதிரி இருந்தது. நூற்றுப் பத்து படி ஏறினேன். எழுத்தர் அவளுடைய சிகிச்சை அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது அவங்க கையெழுத்து மாதிரி இல்லையே."

"அது வலது கையில போட்டது. வலது கை இப்ப வேலை செய்யல. அதுக்குத்தான் வைத்தியமே."

"அப்ப ஒண்ணும் அவசரமில்ல. கை சரியானதும் போட்டு எடுத்துட்டு வாங்க."

இவர்களைப் பற்றிச் சொல்லும்போது நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். அந்த எழுத்தரை நான் உற்றுப் பார்த்தேன். அவர் முகத்தில் துளி கிண்டல் இல்லை. எனக்கு உதவிவிட்ட திருப்திதான் இருந்தது.

பிசியோதெரபி பார்த்த பெண் நல்லவர். விஷயம் தெரிந்ததும் தன் சாப்பாட்டு நேரத்தில் அவரே கீழே இறங்கி வந்தார். தரைத்தள நடைவழியில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்து என் மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினார். இரண்டு முறை வந்தார். மூன்றாம் முறை அவருக்குப் பதில் ஒரு குறிப்பாணைதான் வந்தது, அவர் பெயருக்கு. நாலாம் மாடியின் இருப்பில் உள்ள பணியாளர், நாலாம் மாடிக்கு உரிய சிகிச்சையைத் தரைத்தளத்தில் வழங்கியது எப்படி என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"நான் மறுபடி வந்தா என்னைத் தூக்கிடுவாங்கக்கா" என்று அவர் என் மனைவியிடம் கண்கலங்கச் சொன்னார். "நீங்க எப்படியாவது மேல வந்துடுங்க."

லிஃப்ட் நின்று பன்னிரண்டாம் நாள். மூன்று மாதத்தில் முப்பத்தேழு நாள் ஏற்கெனவே போய்விட்டது. எனக்கு மண்டை காய்ந்துபோனது. கடையிலிருந்து டயோடு ஒன்று, ஃப்யூஸ் ஒன்று, அயர்ன், ஈயம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு லிஃப்ட்காரர் முன்னால் போய் நின்றேன். அவர் பையைப் பார்த்தார். சக்கர நாற்காலியில் இருந்த என் மனைவியைப் பார்த்தார்.

"எனக்குக் கழுத்து வலிக்குது தம்பி. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பி உட்காரப் போறேன்" என்றார்.

மெயினை அணைத்தேன். போர்டைக் கழற்றினேன். செத்ததன் இரண்டு காலிலும் சூடு வைத்து உருவினேன். வெள்ளிக் கோடு எந்தப் பக்கம் என்று போர்டிலேயே அச்சடித்திருந்தது. அதைப் பார்த்துப் புதியதை நுழைத்து, ஈயம் வைத்து, மிச்சக் காலை நறுக்கினேன். ஃப்யூஸ் மாற்றினேன். கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு நிமிடம். மெயினைப் போட்டதும் மேலே எங்கோ பிரேக் டக்கென்று விட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு அழுகை வந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

அன்று மேலே போனாள். ஒருநாள் விட்டு மறுபடி போனாள். அந்த இரண்டாம் முறை, பயிற்சி முடியும் நேரத்தில், அவளுடைய வலது கட்டை விரல் மெல்ல நகர்ந்து ஆள்காட்டி விரலைத் தொட்டது. தொட்டுவிட்டுத் திரும்பி விழுந்தது. மறுபடி தொட்டது. பிசியோதெரபி பெண் கைதட்டினார்.

"ஊசி பிடிச்சுடுவேன்" என்றாள் என் மனைவி. "இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா ஊசி பிடிச்சுடுவேங்க. கத்தரிதான் கொஞ்சம் லேட் ஆகும்."

மாட்டிக்கொண்டது எப்படி என்பதையும் சொல்லவேண்டும். லிஃப்ட் ஓட ஆரம்பித்ததும் பிரிவு அலுவலரும் அதில்தான் ஐந்தாம் மாடிக்குப் போய்வந்தார். மூன்று நாள் போனார், வந்தார். நாலாம் நாள் காலை எழுத்தர், "என்ன சார், இப்பல்லாம் மூச்சே வாங்க மாட்டேங்குது உங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறார். அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. கீழே ஓடி வந்து பலகையைப் பார்த்தார். பலகை 'ஓய்வில் உள்ளது' என்றது. அதன் பின்னால் லிஃப்ட் போய்க்கொண்டிருந்தது.

அன்று மனைவியைப் பயிற்சிக்குக் கூட்டிவந்திருந்த என்னைக் கட்டுப்பாட்டுப் பெட்டி அறைக்குள் கூப்பிட்டார்கள். அலுவலர், எழுத்தர், காவலாளி ஒருவர். லிஃப்ட்காரர் மூலையில் நின்றார், முகம் வெளிறி.

"உங்க மேல எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது" என்றார் அலுவலர். "மனுஷனா நான் சந்தோஷப்படறேன். ஆனா நீங்க எதைச் சரி பண்ணியிருக்கீங்க? பழுதே ஆகாத ஒண்ணை. பழுது ஆகாததைப் போய்ப் பிரிச்சு மாத்தினா அதுக்குப் பேரு சேதப்படுத்தறது. பொதுச்சொத்து. போலீசுக்குப் போனா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல."

"ஓடுதேங்க. ஓடற லிஃப்ட்டு மேல என்ன புகார் கொடுப்பீங்க?"

"அதுதான் சிக்கலே. ஓடுது. எந்த அடிப்படையில ஓடுதுன்னு கேட்டா என்கிட்ட ஒரு தாள் இருக்கா? ஓடாம இருந்தாகூட நான் பதில் சொல்லிடுவேன்."

எழுத்தர் குறுக்கிட்டார். "சார், பழைய நிலைக்குக் கொண்டு வந்துட்டா கோப்பு சுத்தமாயிடும். அதுக்கப்புறம் நாமளே முறைப்படி பழுதுன்னு அறிவிச்சு, முறைப்படி மாத்திடலாம். ரெண்டே நாள்."

எனக்குப் புரிய நேரம் பிடித்தது. அந்தச் செத்த டயோடை மறுபடி போர்டில் வைக்கச் சொல்கிறார்கள். அதையும் நானே வைக்க வேண்டும், ஏனென்றால் பிரிவில் பதினான்கு பேரில் யாருக்கும் சாலிடரிங் பிடிக்கத் தெரியாது.

"வைக்கலைன்னா?"

அலுவலர் பெருமூச்சு விட்டார். "உங்க மனைவியோட சிகிச்சை அட்டையை முடக்கி வைக்க வேண்டியிருக்கும். எனக்கு மனசே இல்ல. லிஃப்ட்காரருக்கும் இன்னும் நாலு வருஷ சர்வீஸ் பாக்கி. ரெண்டே நாள் விஷயம், யோசிங்க."

எரிந்த பாகத்தைத் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அந்த டயோடையும் ஃப்யூஸையும் தீப்பெட்டிக்குள் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். அதை எடுத்ததும் எழுத்தர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "கிடைச்சிடுச்சு சார், கிடைச்சிடுச்சு" என்றார்.

துணிப்பையில் இருந்த என் அயர்னைச் சூடாக்கி நல்லதைப் பிடுங்கினேன். செத்ததை வைத்தேன். கால் குட்டையாகிவிட்டதால் துளையில் நுழையாமல் படுத்தியது. "கோடு மாறிடப் போகுது, முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும், ஆய்வுக் குழு வரும்" என்று அலுவலர் என் தோளுக்கு மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். எரிந்த ஃப்யூஸையும் மாட்டச் சொன்னார்கள், மாட்டினேன். அரைமணி நேரம் ஆனது. கை நடுங்கக் கூடாது என்று நினைத்து நினைத்துச் செய்ததில், நான் இதுவரை வைத்த ஈயத்திலேயே அழகான ஈயம் அதுதான்.

அலுவலர் வெளியே போய் லிஃப்ட் பட்டனை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். "அருமை" என்று சொல்லி எனக்குக் கைகொடுத்தார்.

நடைவழியில் என் மனைவி காத்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த வலது கையில் கட்டை விரலை ஆள்காட்டி விரலோடு சேர்க்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேட் ஆகுமா?" என்றாள்.

"லிஃப்ட் ஓய்வுல இருக்கு" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்தே வந்தது. வேறு எதுவும் சொல்லவில்லை. நாற்காலியை வாசல் பக்கம் திருப்பினேன்.

ரெண்டே நாள் என்றது அறுபத்திரண்டு நாள் ஆனது. அந்த அறுபத்திரண்டு நாளும் வீட்டில் நானே அவள் விரலை மடக்கி நீட்டினேன். ரேடியோ திருகுகிற கைக்கு நரம்பு எங்கே தெரியும்? முதலில் கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தொடுவது நின்றது. பிறகு நகர்வதும் நின்றது. அவள் கிண்டல் பேசுவதையும் அதோடு நிறுத்திவிட்டாள்.

லிஃப்ட் நின்று முப்பதாவது நாள்வாக்கில் ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர். ஒருவர் கட்டடப் பொறியாளர், ஒருவர் மருத்துவமனைத் தோட்டங்களின் மேற்பார்வையாளர், இன்னொருவர் குழுவுக்கு மூன்று பேர் வேண்டும் என்பதற்காக வந்தவர். விளக்கம் சொல்ல என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். டயோடு எது என்று மூவரும் கேட்டார்கள். காட்டினேன். இவ்வளவு சின்னதா என்று ஏமாந்துபோனார்கள்.

"மொத்தம் எத்தனை டயோடு இருக்கு இதுல?" என்றார் பொறியாளர்.

"பத்தொன்பது."

"அதுல பதினெட்டு வேலை செய்யுது. பெரும்பான்மையைப் பார்த்தா போர்டு நல்ல நிலையிலதான் இருக்குன்னு எழுதணும்."

"நல்ல டயோடு என்ன பண்ணும்?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது என்றேன்.

"நம்ம பிரிவு மாதிரின்னு சொல்லுங்க" என்று பிரிவு அலுவலர் கலகலவென்று சிரித்தார். "மனு உள்ள வரும். ஒரு நாளும் வெளிய போகாது." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாமவர் அதுவரை வாயே திறக்கவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு டயோடின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து சொன்னார்: "இந்த ஈயம் புதுசு. பளபளன்னு இருக்கு. பழைய பழுதா இருந்தா இப்படி இருக்காது."

குழு அறிக்கையை எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். பழுது மிக அண்மையில் ஏற்பட்டது என்று ஈயத்தின் தரத்திலிருந்து தெரியவருவதாகவும், எனவே அதற்கு முந்தைய நாட்களில் மின்தூக்கி நல்ல நிலையில் இருந்ததாகக் கொள்ளவேண்டும் என்றும், அந்நாட்களில் சிகிச்சைக்கு வராதவர்கள் தம் விருப்பத்தின் பேரிலேயே வராதிருந்தனர் என்றும் எழுதியிருந்தது. சாலிடரிங்கை ஒரு வரியில் பாராட்டியும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு டயோடு தேர்வு, மாதிரி ஒப்பீடு, ஒப்புதல். எழுபத்தெட்டாம் நாள் வெளியூரிலிருந்து தலைக்கவசம் போட்ட மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வெளிச்சம் காட்டினார், ஒருவர் வீடியோ எடுத்தார், ஒருவர் டயோடை மாற்றினார். எவ்வளவு நேரம் ஆனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மறுநாள் விழா. வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். பயனாளி என்று யாராவது ஒருவர் வேண்டுமாம். கால் ஓரளவு வந்திருந்ததால் என் மனைவி கம்பு ஊன்றி நடந்தே வந்தாள். வாசலில் பிசியோதெரபி பெண்ணைப் பார்த்தோம். கையில் மாற்றல் உத்தரவு வைத்திருந்தார். அங்கேயே நின்று என் மனைவியின் வலது கையைப் பிடித்து, மடக்கி, விட்டு, மறுபடி பிடித்துப் பார்த்தார்.

"ரொம்ப லேட் ஆயிடுச்சுக்கா" என்றார். "உங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். இந்தக் கை இனி இவ்வளவுதான்."

என் மனைவி தலையை ஆட்டிக்கொண்டாள். அவர் போனதும் முந்தானையால் வலது கையை மூடிக்கொண்டாள்.

மைக் வைத்திருந்தார்கள். பிரிவு அலுவலர் பேசினார். "ஒரு சின்ன டயோடுதானேன்னு அலட்சியமா விடாம, அதுக்குரிய மரியாதையைக் கொடுத்து, எல்லாப் படிநிலையும் கடந்து இன்னைக்கு இங்க வந்து நிக்கறோம். இந்த மூணு மாசத்துல நாலாம் மாடி பிசியோதெரபிக்கு ஒரு கை விரல்ல எண்ணக்கூடிய ஆளுங்கதான் வந்திருக்காங்க. மக்கள் அவ்வளவு ஆரோக்கியமா இருக்காங்க. அதனால அந்தப் பகுதியை மூடிட்டு, நம்ம பிரிவோட பதிவேட்டு அறையா மாத்தியிருக்கோம். கோப்புகளைத் தூக்கிட்டு இனி யாரும் படியேற வேண்டியதில்ல. இந்த லிஃப்ட் அதுக்குப் பயன்படும்."

கைதட்டினார்கள்.

"அம்மா, நீங்க பட்டனை அழுத்தித் தொடங்கி வைக்கணும்."

அவள் கம்பைப் பிடித்திருந்த இடது கையை எடுக்கப் போனாள். "அந்தக் கைய எடுத்தா அம்மா விழுந்துடுவாங்க, இந்தக் கையால அழுத்தட்டும், போட்டோவுக்கும் இதுதான் தெரியும்" என்றார் படம் எடுப்பவர். யாரும் யோசிக்கும் முன்னால் அலுவலரே முந்தானையை விலக்கி, அவளுடைய வலது கையைத் தூக்கி, அதன் ஆள்காட்டி விரலால் பட்டனை அழுத்தினார். கதவு திறந்தது. படம் எடுத்தார்கள். கையை விட்டார். அது தொப்பென்று அவள் இடுப்பில் வந்து மோதியது.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூட்டம் லிஃப்ட்டுக்குள் ஏறி மேலே போய்விட்டது. எழுத்தர் மட்டும் ஒரு படிவத்தோடு எங்களிடம் வந்தார். 'பயனாளி திருப்திச் சான்று' என்று தலைப்பு.

"அம்மாவோட கையெழுத்துதான் ஒத்துப்போகாதே. விரல் ரேகை போதும். சார், நீங்களே கட்டை விரலைப் பிடிச்சு வச்சு விட்டுடுங்க" என்று மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார்.

நான் அவளை நடைவழி பெஞ்சில் உட்கார வைத்தேன். அவள் வலது கையை எடுத்தேன். கட்டை விரலை விரித்து மைப்பெட்டிக்குக் கொண்டுபோனேன். யோசித்தேனா என்று கேட்டால், இல்லை.

அவளுடைய இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அன்னைக்கு நல்லா ஓடிட்டு இருந்ததைப் பிடுங்கிட்டுச் செத்ததைத் திருப்பி வச்சது நீங்கதானே?"

நான் மைப்பெட்டியையே பார்த்தேன்.

"லிஃப்ட்காரர் போன வாரம் என்னைப் பார்க்க வந்தப்பதான் சொன்னார். எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க சட்டையில ஈய வாடை அடிச்சுது."

"வைக்கச் சொன்னாங்க" என்றேன். "உன் அட்டைய முடக்கிடுவேன்னாங்க. ரெண்டே நாள்னாங்க."

"அவங்க ஆயிரம் சொல்வாங்க" என்றாள். குரல் உயரவில்லை. "அந்தப் பெட்டிக்குள்ள எது எங்க இருக்குன்னுகூட அவங்களுக்குத் தெரியாது. அத்தனை பேர்ல அதைத் திருப்பி வைக்கத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான். நீங்க வைக்கலைன்னா யாரு வச்சிருப்பா?"

"சார், மை காயுது" என்றார் எழுத்தர்.

"வைக்க மாட்டேன்" என்று கத்தினேன். நடைவழியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுத்தர் பயந்து ஒரு அடி பின்னால் போனார். பிறகு மைப்பெட்டியை மூடி, ரேகை வைக்கும் கட்டத்தில் 'பயனாளிக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை' என்று தன் கையாலேயே எழுதிக்கொண்டு லிஃப்ட்டை நோக்கி நடந்தார்.

என் மனைவி கம்பை ஊன்றி எழுந்தாள். தூக்கிவிடப் போன என் கையைத் தள்ளிவிட்டாள்.

"இதை அன்னைக்குச் சொல்லியிருக்கணும்" என்றாள்.